குளிர்காலத்துக்குப் படகைக் கரையேற்றுதல்: ஒளிந்திருக்கும் தண்ணீரைத் தேடி

படகோட்டும் பருவம் முடிந்த பிறகுதான் ஆண்டின் பொறுப்பான வேலை தொடங்குகிறது. படகைக் கரையேற்றி, ஐந்தாறு மாதங்கள் அசைவின்றி நிற்பதற்கு அதை ஆயத்தப்படுத்துவதைப் பெரும்பாலான கையேடுகள் ஒரு நீண்ட பட்டியலாகவே தருகின்றன. எஞ்சின் ஆயில், பேட்டரி, தார்ப்பாய் என்று வரிசையாகப் போகும் அந்தப் பட்டியலில், எது ஏன் செய்யப்படுகிறது என்பது மறைந்துபோகிறது. பல குளிர்காலங்களாக இந்த வேலையை என் கையாலேயே செய்துவருவதில், அந்தப் பட்டியலை நான் ஒரே கேள்வியாகச் சுருக்கிக்கொண்டேன்: இந்த இடத்தில் தண்ணீர் தங்குமா, தங்கினால் எந்த வழியாக வெளியேறும்? தண்ணீர் பனிக்கட்டியாகும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. திறந்த பாத்திரத்தில் அது மேலே எழும்பிவிடும். வார்ப்பிரும்பாலான எஞ்சின் பிளாக்கின் உட்குழியிலோ, இரு பக்கமும் மூடிய வால்வுக்குள்ளோ எழும்ப இடமில்லாததால், உலோகம்தான் விரிசல் விட்டு வழிவிடுகிறது.

என்னுடையது சிறிய அறையொன்று கொண்ட ஃபைபர் படகு. அதன் பெட்ரோல் எஞ்சின் படகுக்குள் இருக்கிறது. பின்பலகைக்கு வெளியே உள்ள ஸ்டெர்ன் டிரைவ் என்னும் செலுத்துபகுதி ப்ரொப்பெல்லரைச் சுழற்றுகிறது. அவசரத்துக்கென்று, பின்பலகைக்கு வெளியே மாட்டும் சிறிய அவுட்போர்டு எஞ்சின் ஒன்றும் உண்டு. கடல்நீரையே உள்ளிழுத்து, எஞ்சினைச் சுற்றவிட்டு, புகையோடு சேர்த்து வெளியே தள்ளும் குளிர்விப்பு முறை, ஒரு கழுவுதொட்டி, ஒரு சிறிய வெந்நீர்க்கலன், கையால் அடித்து இயக்கும் கழிப்பறை ஆகிய எல்லாம் சேர்ந்து, தண்ணீர் ஒளிந்துகொள்வதற்கு வேண்டிய மூலைமுடுக்குகளைத் தாராளமாகவே தருகின்றன. பெரிய படகாயினும் சிறிய படகாயினும் வேலையின் தர்க்கம் ஒன்றுதான். மூலைகளின் எண்ணிக்கைதான் மாறும்.

முதலில் காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். படகு தண்ணீரில் மிதக்கும் வரை ஆபத்து, கரையேறினால் பத்திரம் என்று பலர் எண்ணுகிறார்கள். உறைபனியைப் பொறுத்தவரை நிலைமை இதற்கு நேர்மாறானது. மிதக்கும் படகைச் சுற்றியுள்ள நீர் கோடையின் வெப்பத்தை நெடுநாள் பிடித்துவைத்திருப்பதால், ஓரிரவு காற்றின் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போனாலும், நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள எஞ்சின் அறை அவ்வளவு விரைவில் உறைநிலையை எட்டுவதில்லை. கரையில் தாங்கிகளின் மேல் நிற்கும் படகைக் காற்று எல்லாப் பக்கமும் சூழ்ந்திருப்பதால், அதன் வெப்பம் ஒரே இரவில் வெளியேறிவிடும். எங்கள் படகுப் பட்டறையில் என் படகுக்குப் பக்கத்தில் நின்ற ஒன்றை, அதன் உரிமையாளர் வார இறுதியில் வந்து தண்ணீர் வடித்துக்கொள்ளலாம் என்று அப்படியே விட்டுப் போயிருந்தார். இடையில் எதிர்பாராமல் முன்கூட்டியே வந்த ஓர் உறைபனி இரவில் எஞ்சின் பிளாக்கின் பக்கச்சுவர் மயிரிழை அளவுக்கு வெடித்தது. வசந்தத்தில் எஞ்சினை இயக்கிய பிறகுதான், ஆயிலில் தண்ணீர் கலந்ததைக் கண்டு அது தெரியவந்தது. ஆகவே, கரையேற்றும் நாளையும் தண்ணீர் வடிக்கும் நாளையும் நான் பிரித்து வைப்பதில்லை.

படகு தண்ணீரில் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை சில உண்டு. கழிவுத்தொட்டியை உரிய இடத்தில் உறிஞ்சச்செய்து, நல்ல தண்ணீர் விட்டு அலசி, மீண்டும் ஒருமுறை காலியாக்க வேண்டும்; கரையேறிய பின் இதைச் செய்ய வசதியும் கிடையாது, அக்கம்பக்கத்தாரின் நல்லெண்ணமும் மிஞ்சாது. அடுத்தது எரிபொருள். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தை ஈர்க்கும். ஈரம் ஓர் அளவைக் கடந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கிவிடும். எஞ்சினுக்குச் செல்லும் குழாய் அடியிலிருந்துதானே உறிஞ்சுகிறது! அப்படிப் பிரிந்துவிட்ட பெட்ரோலை எந்த மருந்தும் மீட்காது. எரிபொருள் நிலைப்படுத்தி என்று விற்கப்படும் திரவம் பெட்ரோல் கெட்டுப் பிசினாவதைத் தாமதப்படுத்துமே தவிர, ஏற்கெனவே கெட்டதைத் திருத்தாது. அதனால் அதைப் புதிய பெட்ரோலில்தான் கலக்க வேண்டும்.

தொட்டியை நிரப்புவதா, காலியாக வைப்பதா என்ற வாதம் படகுக்காரர்களிடையே ஓயாத ஒன்று. நிரம்பிய தொட்டியில் ஈரக்காற்றுக்கு இடம் குறைவு என்பது ஒரு தரப்பு. பழைய பெட்ரோலை இவ்வளவு சேர்த்து வைப்பானேன் என்பது மறுதரப்பு. எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைத்தால் அதையே வாங்கித் தொட்டியில் 95 விழுக்காடு வரை நிரப்பி, வெப்பம் ஏறும்போது விரிவதற்குச் சிறிது இடம் விடுவதே என் வழக்கம். கழற்றி எடுக்கக்கூடிய சிறிய தொட்டியானால் வாதமே தேவையில்லை. அதைக் காலி செய்துவிடலாம். நிலைப்படுத்தியை ஊற்றிய பிறகு எஞ்சினைப் பத்துப் பதினைந்து நிமிடங்கள் ஓட்டுவது முக்கியம். மருந்து கலந்த பெட்ரோல் கார்புரேட்டருக்கோ இன்ஜெக்டர்களுக்கோ போய்ச் சேராவிட்டால், தொட்டியில் மட்டும் நல்ல பெட்ரோல் இருந்து பயனில்லை. டீசல் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்குக் கவலை வேறு வகையானது. டீசலும் தண்ணீரும் சந்திக்கும் எல்லையில் நுண்ணுயிர்கள் வளர்ந்து, கறுத்த சளிபோலத் திரண்டு, வடிகட்டியை அடைக்கும். தண்ணீர் பிரிக்கும் வடிகட்டியை வடித்து, நுண்ணுயிர்க்கொல்லி கலந்து, தொட்டியை நிரப்பி வைப்பதே அவர்கள் செய்ய வேண்டியது.

படகு தூக்கப்பட்டதும் அடிப்பகுதியை அழுத்த நீரால் கழுவுவதை ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. பாசியும் கொட்டலசும் ஈரமாக இருக்கும்போது நீரின் வேகத்துக்கே உதிர்ந்துவிடும். காய்ந்துவிட்டால் சுரண்டும் கருவியும் தோள்வலியும்தான் மிச்சம். கழுவி முடித்த அடிப்பகுதியை மாலை வெயில் சாய்வாகப் படும் நேரத்தில் ஒருமுறை பார்ப்பது நல்லது. கொப்புளங்கள் இருந்தால் நேர்வெளிச்சத்தில் தெரியாதவை அந்தச் சாய்வெளிச்சத்தில் நிழல் காட்டும். கொப்புளத்தையோ விரிசலையோ இப்போதே குறித்துவைத்தால், காய்வதற்கு முழுக் குளிர்காலமும் கிடைக்கும்.

அரிப்பைத் தம்மேல் வாங்கிக்கொண்டு மற்ற உலோகங்களைக் காக்கும் தியாக உலோகக் கட்டிகளையும் அப்போதே பார்த்துவிடுவேன். கடல்நீருக்குத் துத்தநாகமோ அலுமினியமோ, நன்னீருக்கு மக்னீசியம் என்பது பொது விதி. பாதி கரைந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். கொஞ்சமும் கரையாமல் புதிதுபோலவே இருந்தால் மகிழ்வதற்கு ஒன்றுமில்லை. மின்தொடர்பு சரியாக இல்லாமல் அது வேலையே செய்யாமல் இருந்திருக்கலாம் என்பதால், இணைப்புத் திருகுகளைச் சுத்தம் செய்து பார்க்க வேண்டும்.

இதன் பிறகு ப்ரொப்பெல்லரைக் கழற்றுவேன். கழற்றாமல் விடுபவர்கள் அதிகம். ஆனால் ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் தண்டில் சுற்றிக்கிடக்கும் தூண்டில் நரம்பு வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரில் மிதந்துவரும் நைலான் நரம்பு சுழலும் தண்டில் சுற்றி இறுகி, ரப்பர் சீலை அறுத்துவிடும். அறுந்த சீல் வழியாகத் தண்ணீர் கியர் அறைக்குள் நுழையும். ஓர் ஆண்டு நான் கழற்றிப் பார்த்தபோது, தண்டைச் சுற்றிப் பச்சை நிற நரம்பு உருகி ஒரு வளையமாகவே இறுகியிருந்தது; கத்தி முனையால் கீறிக் கீறித்தான் எடுக்க முடிந்தது. சீல் அறுந்துவிட்டதா என்பதற்கான பதில் கியர் ஆயிலை வடிக்கும்போது கிடைத்தது. கீழ்த்திருகைத் தளர்த்தியதும் முதலில் சில துளிகள் தெளிந்த தண்ணீராகவே விழுந்தன. அதைத் தொடர்ந்து வந்த ஆயில் பால் கலந்த காப்பியின் நிறத்தில் இருந்தது. தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது என்பதால் அது அடியிலே தங்கி, முதலில் வெளியேறுகிறது. அதை வசந்தத்துக்கு ஒத்திவைத்திருந்தால், அந்தச் சில துளிகள் கியர் அறையின் அலுமினிய உறையைப் பிளந்திருக்கும்.

கியர் ஆயிலைப் புதிதாக நிரப்பும்போது கீழ்த்துளையிலிருந்து மேல்நோக்கித்தான் நிரப்ப வேண்டும். மேல்துளை வழியாகக் குமிழி இல்லாமல் ஆயில் வழியத் தொடங்கியதும் மேல்திருகை முதலில் மூடினால், கீழ்த்துளையை மூடும் வரை ஆயில் அதிகம் கொட்டாது. திருகுகளின் வாஷர்களை ஒவ்வொரு முறையும் மாற்றிவிடுவது நல்லது. நசுங்கிய பழைய வாஷர் நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றும், ஆனால் மறுபடி நசுங்க அதில் எதுவும் மிச்சமிருக்காது.

இனி எஞ்சின். அடர்த்தியான ஆயில் சூடானால் நன்றாக வடியும் என்பதற்காகவும், அழுக்கு ஆயிலில் மிதந்து அதோடு வெளியேறும் என்பதற்காகவும், எஞ்சினை ஓட்டிச் சூடாக்கிய பிறகே ஆயிலையும் வடிகட்டியையும் மாற்ற வேண்டும். கரையில் இருக்கும்போது குளிர்விக்கும் தண்ணீரை வெளியிலிருந்து குழாய் மூலம் கொடுக்காமல் எஞ்சினை இயக்கவே கூடாது. அந்தத் தண்ணீரை இறைக்கும் பம்பின் ரப்பர் சக்கரமான இம்பெல்லர், உலர்ந்த நிலையில் சுழன்றால் ஒரு நிமிடத்துக்குள் கருகிவிடும். புதிய ஆயில் வசந்தத்தில் போட்டுக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். பயன்படுத்திய ஆயிலில் எரிவதால் உண்டான அமிலங்களும் ஈரமும் கலந்திருக்கின்றன. அவற்றை எஞ்சினுக்குள் இருக்கும் பேரிங்குகளின் மேல் ஆறு மாதம் ஊறவைப்பதில் எந்த லாபமும் இல்லை.

தண்ணீரை வடிப்பதுதான் முழுவேலையின் மையம். எஞ்சின் பிளாக்கின் இரு பக்கமும், புகைக்குழல் தொகுதிகளின் அடியிலும் வடிகால் திருகுகள் இருக்கும். எத்தனை திருகுகள், எங்கெங்கே என்பதை அந்தந்த எஞ்சினின் கையேட்டில் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் அடையாளமாகச் சிவப்பு வண்ணம் பூசி வைத்திருக்கிறேன். ஏனெனில் அவற்றில் சில கண்ணுக்குத் தெரியாமல் கைக்கு மட்டுமே எட்டும் இடத்தில் இருக்கின்றன. கழற்றிய திருகுகளை ஒரு கிண்ணத்தில் போட்டு எண்ணிக்கொள்வேன். கிண்ணத்தில் ஒன்று குறைந்தால் எஞ்சினில் ஏதோ ஓரிடத்தில் தண்ணீர் மிச்சமிருக்கிறது என்று பொருள்.

திருகைக் கழற்றியதும் தண்ணீர் வரவில்லையென்றால், உள்ளே தண்ணீர் இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. கடல்நீரைச் சுற்றவிடும் எஞ்சினின் அடியில் துருச் செதில்களும் மணலும் உப்பும் சேர்ந்து துளையை உள்ளிருந்து அடைத்திருக்கும். ஒரு மெல்லிய கம்பியை விட்டுக் குத்தினால், முதலில் கருஞ்சிவப்பாகச் சில துளிகள் சொட்டி, பிறகு சட்டென்று அடைப்பு விலகி, லிட்டர் கணக்கில் தண்ணீர் பீறிடும். ஒவ்வொரு துளையிலும் கம்பியை விட்டுப் பார்ப்பதை, தண்ணீர் நன்றாக வந்த துளையிலும்கூட, நான் தவிர்ப்பதில்லை. பாதி வடிந்தபின் செதில் ஒன்று வந்து அடைத்துக்கொள்வது உண்டு. தாழ்வாக வளைந்து தொங்கும் ரப்பர் குழாய்களையும் ஒருமுனை கழற்றித் தாழ்த்திப் பிடித்தால்தான் அவற்றில் நிற்கும் தண்ணீர் போகும்.

வடித்த பிறகு உறைதடுப்புத் திரவம் ஊற்றுவேன். சிலர் வடிப்பதை விட்டுவிட்டு, ஒரு வாளித் திரவத்தை எஞ்சின் தானே உறிஞ்சும்படி செய்து, புகைக்குழாயில் திரவத்தின் இளஞ்சிவப்பு நிறம் வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். இந்த நிறம் ஏமாற்றும் நிறம். எஞ்சின் சூடான பிறகே திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட், எஞ்சின் சூடாகாமல் மூடியிருந்தால், உறிஞ்சப்பட்ட திரவம் பிளாக்கினுள் நுழையாமலே சுற்றுவழியில் சென்று வெளியேறிவிடும். கீழே இளஞ்சிவப்பாக ஓடுவதைப் பார்த்து நாம் திருப்தியடைவோம். பிளாக்கினுள் கடல்நீர் அப்படியே நிற்கும். சூடாக்கியே செய்தாலும், உள்ளே நின்ற தண்ணீரோடு கலந்து திரவம் நீர்த்துப்போகும். அதனால்தான் முதலில் வடிப்பது, திருகுகளைத் திரும்ப மாட்டுவது, பிறகு குழாய்களைக் கழற்றி மேலிருந்து நேரடியாகத் திரவத்தை ஊற்றுவது என்ற சுற்றுவழியை நான் விடாமல் பின்பற்றுகிறேன்.

திரவத்தின் கலன்மேல் அச்சிட்டிருக்கும் எண்ணையும் புரிந்துகொள்ள வேண்டும். மைனஸ் 46 டிகிரி செல்சியஸ் என்று எழுதியிருந்தால், அதுவரை அது நீர்மமாகவே இருக்கும் என்று பொருளல்ல. அந்த வெப்பநிலை வரை குழாய் வெடிக்காது என்பதே அந்த எண் சொல்வது. அதற்கு வெகு முன்னரே திரவம் கூழாகத் தொடங்கிவிடும். கூழ் விரிந்தாலும் நகர இடம் இருப்பதால் சேதம் செய்யாது. மிச்சத் தண்ணீர் கலந்தால் இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடும் என்பதால், உறைபனி கடுமையான இடங்களில் கூடுதல் அடர்த்தியுள்ளதை வாங்குவதே புத்திசாலித்தனம். குடிநீர்க் குழாய்களிலும், கடைசியில் நீர்நிலையில் போய்ச் சேரும் எஞ்சின் சுற்றிலும் ப்ரொப்பிலீன் கிளைக்கால் அடிப்படையிலான திரவத்தையே பயன்படுத்த வேண்டும். கார்களில் ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் மனிதருக்கும் விலங்குக்கும் நஞ்சு. இனிப்புச் சுவை உள்ளதால் நாய், பூனைகள் நக்கிவிடும் ஆபத்தும் உண்டு. மூடிய சுற்றில் கூலன்ட் ஓடும் எஞ்சினாக இருந்தால், அந்தக் கூலன்ட்டின் உறைநிலையை அதற்குரிய அளவுமானியால் சோதித்துவிட்டு, கடல்நீர் ஓடும் வெளிச்சுற்றை மட்டும் மேலே சொன்னபடி செய்தால் போதும்.

எஞ்சினுக்குள் துருப்பிடிக்காமல் இருக்க ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, காப்பு ஆயிலைச் சிலிண்டர்களில் தெளித்து, எஞ்சினைக் கையால் சிறிது சுழற்றிவிடுவது பழைய முறை. எரிபொருளை மின்னணுவியல் முறையில் செலுத்தும் புதிய எஞ்சின்களுக்குத் தயாரிப்பாளர்கள் வேறு முறை சொல்வதுண்டு. அங்கே கையேடு சொல்வதே வேதம். இம்பெல்லரைக் கழற்றி எடுத்துவைப்பதும் நல்லது. ரப்பர் இறக்கைகள் ஒரே பக்கமாக மடங்கி மாதக்கணக்கில் நின்றால் அந்த வடிவத்திலேயே நிலைத்துவிடும். கழற்றும்போது இறக்கை ஒன்று குறைந்திருந்தால், உடைந்த துண்டு குளிர்விப்புச் சுற்றில் எங்கேயோ சிக்கியிருக்கிறது. அதைத் தேடி எடுக்காமல் புதியதை மாட்டக் கூடாது.

அவுட்போர்டு எஞ்சினுக்கு வேலை குறைவு. நல்ல தண்ணீரில் ஓட்டி உப்பை அலசி, நிமிர்ந்த நிலையில் நிறுத்தினாலே பெரும்பாலான தண்ணீர் தானாக வடிந்துவிடும். சாய்த்துத் தூக்கிய நிலையில் விட்டுவிட்டால், ப்ரொப்பெல்லர் நடுவே உள்ள புகைவழியில் மழைநீர் தேங்கி உறையும். ஸ்டெர்ன் டிரைவுக்கும் இதே காரணம் பொருந்தும். முழுவதும் கீழே இறக்கிவைத்தால், அதைப் படகோடு இணைக்கும் ரப்பர் மடிப்புறைகளும் இயல்பான நிலையில் இளைப்பாறும்.

குடிநீர் அமைப்புக்கு வருவோம். தொட்டியையும் வெந்நீர்க்கலனையும் காலியாக்கிய பிறகு, வெந்நீர்க்கலனின் இரு குழாய்களையும் கழற்றி நேரடியாக இணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஊற்றும் உறைதடுப்புத் திரவமெல்லாம் முதலில் அந்தக் கலனை நிரப்பிக்கொண்டு, குழாய்களுக்குப் போகாது. பிறகு பம்பை இயக்கி, தொலைவில் உள்ள குழாய்முனையிலிருந்து தொடங்கி, குளிர்நீர்ப் பக்கமும் வெந்நீர்ப் பக்கமும் தனித்தனியாக, இளஞ்சிவப்பு வரும்வரை திறந்துவைப்பேன். பின்பலகையில் கால் கழுவுவதற்கென்று இருக்கும் சிறிய ஷவர்தான் எல்லோரும் மறக்கும் இடம். அதன் பிளாஸ்டிக் பிடி வெடித்துப்போயிருப்பதை வசந்தம்தோறும் யாராவது ஒருவர் பட்டறையில் காட்டிக்கொண்டிருப்பார். கழுவுதொட்டியின் கீழ்வளைவு, ஷவர் நீர் சேரும் பெட்டி, படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பின் குழாய் ஆகியவற்றிலும் ஒரு குவளை திரவம் ஊற்றினால் போதும். கழிப்பறையில் திரவத்தை அதன் உள்ளிழுக்கும் குழாய் வழியாகவே உறிஞ்சச்செய்து அடிக்க வேண்டும். கழிப்பறைக் கிண்ணத்தில் மட்டும் ஊற்றினால் பம்பின் உள்வரும் பக்கம் பாதுகாப்பில்லாமல் நிற்கும்.

படகின் உடலைத் துளைத்து வெளியே செல்லும் குழாய்களின் உருண்டை வால்வுகள் தனிக் கவனம் கேட்பவை. அத்தகைய வால்வை மூடும்போது, நடுவே துளையிட்ட உலோக உருண்டை தன் துளைக்குள் ஒரு வாய்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டே திரும்புகிறது. இரு பக்கமும் அடைபட்ட அந்தத் தண்ணீர் உறைந்தால் வால்வின் உடலே பிளக்கும். படகு கரையில் இருக்கும்போது எல்லா வால்வுகளையும் திறந்து மூடித் திறந்து, கடைசியில் திறந்த நிலையிலேயே விட்டுவிட வேண்டும். குளிர்காலம் முழுவதும் தண்ணீரிலேயே படகை நிறுத்துபவர்கள் இவற்றை மூடித்தான் வைத்தாக வேண்டும். மேல்தளத்தில் பனி ஏறினால் அதன் பாரத்தில் படகு தாழ்ந்து, வழக்கமாக நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் துளைகளும் நீருக்குள் போய்விடும் என்பதால், அவர்களுக்கு அடிக்கடி பனி அகற்றும் கடமையும் சேர்கிறது. வேறு வழி இருந்தால் கரையேற்றுவதையே நான் பரிந்துரைப்பேன்.

படகின் அடியில் உள்ள வடிகால் தக்கையைக் கழற்றி, ஒரு கயிற்றில் கட்டி ஸ்டியரிங்கில் தொங்கவிடுவது பழக்கமாகட்டும். அணியத்தை, அதாவது படகின் முன்பகுதியை, சற்று உயர்த்தி நிறுத்தினால், உள்ளே வடியும் மழைநீரெல்லாம் பின்பக்கம் வந்து அந்தத் துளை வழியே போய்விடும். மேல்தளத்தின் வடிகால்களில் இலைகள் அடைத்துக்கொள்ளாமல் பார்க்க வேண்டும். தளத்தில் பொருத்தியிருக்கும் கைப்பிடிக் கம்பிகளின் அடித்திருகுகளைச் சுற்றிக் காப்புப் பசை வெடித்திருந்தால், ஃபைபர் தகடுகளுக்கு நடுவே இருக்கும் மரம் அல்லது நுரை உட்பகுதிக்குள் தண்ணீர் இறங்கி, ஒவ்வோர் உறைபனிக்கும் தகடுகளைச் சிறிது சிறிதாகப் பிரிக்கும். இது ஓராண்டில் தெரியாது; தளத்தில் கால் வைக்கும்போது மெத்தென்று அமுங்கத் தொடங்கும்போது காலம் கடந்திருக்கும்.

பேட்டரியைப் பற்றிப் பயம் அதிகம், புரிதல் குறைவு. முழுதாக ஏற்றப்பட்ட ஈய அமிலப் பேட்டரி மைனஸ் 50 டிகிரிக்கும் கீழேதான் உறையும். முழுதாக இறங்கிப்போன பேட்டரியின் அமிலம் ஏறத்தாழத் தண்ணீராகிவிடுவதால் மைனஸ் 10 டிகிரியை ஒட்டியே உறைந்து உறை வெடிக்கும். ஆகையால் குளிர் அதற்குப் பகையல்ல, வெறுமைதான் பகை. முழுதாக ஏற்றி, 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் இருப்பதைப் பார்த்து, இணைப்புகளைக் கழற்றி வைத்தால், குளிரில் தானாக இறங்குவதும் மெதுவாகவே நடக்கும். இடையில் 12.4 வோல்ட்டுக்கு வந்தால் மறுபடி ஏற்றிவிட வேண்டும். லித்தியம் பேட்டரிக்கு விதி வேறு. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதற்கு மின்னேற்றினால் உள்ளே நிரந்தரச் சேதம் உண்டாகும் என்பதால், பாதியளவு மின்னோடு கழற்றி வீட்டுக்குள் வைப்பதே எளிது.

உள்ளறையில் எதிரி பூஞ்சணம். மெத்தைகளை வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாவிட்டால், விளிம்பில் நிறுத்தி வைத்து, எல்லா அலமாரிக் கதவுகளையும் தரைப்பலகைகளையும் குளிர்பெட்டியின் கதவையும் திறந்து விட்டுவிட வேண்டும். ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு பெட்டிகள் மூடிய சிறிய இடத்தில் உதவும். காற்றோட்டமுள்ள அறையில் அவை வெளியுலகத்தின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சி வழிந்துகொண்டிருக்கும். ஆளில்லாத படகில் மின்சூடேற்றியை ஓடவிடுவதை நான் ஏற்பதில்லை. உறைபனி ஓர் எஞ்சினைத்தான் கெடுக்கும், தீ பக்கத்திலுள்ள படகுகளையும் சேர்த்துக் கொண்டுபோகும். உணவுப் பொருள், சோப்பு, காகிதக் கைக்குட்டை வரை எல்லாவற்றையும் எடுத்துவிடுவது எலிகளுக்காக. புகைக்குழாயின் வாயைத் துணியால் அடைத்தால், அடைத்திருக்கிறது என்று எழுதிய அட்டையைச் சாவியோடு கட்டிவிட வேண்டும்.

முட்டுக்கொடுக்கும் வேலையைப் பட்டறைக்காரர்கள் செய்தாலும் நாமும் ஒரு கண் வைப்பது நல்லது. பாரம் முழுவதையும் படகின் அடிக்கட்டைதான் (கீல்) தாங்க வேண்டும். பக்கத் தாங்கிகள் சாயாமல் பிடிப்பதற்கு மட்டுமே. எதிரெதிர்த் தாங்கிகள் விலகிப் போகாதபடி சங்கிலியால் இணைக்கப்பட்டிருக்க வேண்டும்; மண்தரையானால் கால்களுக்கு அடியில் பலகை வேண்டும், ஏனெனில் உறைந்த தரை வசந்தத்தில் இளகிச் சேறாகும். டிரெய்லரில் நிறுத்துபவர்கள் சக்கரத் தாங்கிகளுக்குக் கிரீஸ் அடித்து, அச்சுக்கு முட்டுக்கொடுத்து டயர்களின் பாரத்தைக் குறைத்தால் போதும்.

மூடும் தார்ப்பாய் படகை இறுகத் தொடக் கூடாது. நடுவே முதுகெலும்புபோல ஒரு கம்பியை உயர்த்தி, இரு பக்கமும் செங்குத்தாகச் சரியும்படி சட்டம் அமைத்தால் பனி தானாக வழுக்கி விழும். சமமாக விரித்தால் நடுவில் குழி விழுந்து, அதில் முதலில் மழைநீர், பிறகு பனிக்கட்டி, பிறகு பனிக்குவியல் என்று பாரம் ஏறிக்கொண்டே போகும். புதிதாக விழுந்த உலர்பனி கன மீட்டருக்கு 100 கிலோ அளவுதான் இருக்கும். நனைந்து இறுகிய பனி அதைப்போல மூன்று நான்கு மடங்கு கனமானது. முன்னும் பின்னும் காற்றுத்துளை விடாவிட்டால், உள்ளே வியர்த்த ஈரம் வெளியேற வழியின்றிப் பூஞ்சணமாகும். தார்ப்பாயின் கயிறுகளைப் படகின் அடியே குறுக்காகக் கொண்டுபோய் மறுபக்கத்தில் கட்ட வேண்டுமே ஒழிய, எக்காரணம் கொண்டும் தாங்கிகளில் கட்டக் கூடாது. பட்டறையின் மூத்த மெக்கானிக் இதை மட்டும் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லிக்கொண்டிருப்பார். புயற்காற்றில் தார்ப்பாய் உப்பினால், அது படகைத் தாங்கிநிற்கும் காலையே பிடுங்கி இழுத்துவிடும். ஒரு தாங்கி போனால் படகு கவிழும், அது தனியாகவும் கவிழாது.

எல்லாம் முடிந்ததும், கழற்றியவை, அடைத்தவை, திறந்துவிட்டவை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, நெகிழி உறையில் போட்டு ஸ்டியரிங்கிலேயே ஒட்டிவைக்கிறேன். ஆறு மாதம் கழித்து நினைவு எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்று சோதித்துப் பார்க்க, தண்ணீரில் இறங்கும் நாள் ஏற்ற நாளல்ல. வடிகால் தக்கை, வால்வுகளின் நிலை, எஞ்சினின் திருகுகள், கழற்றிய இம்பெல்லர், வெந்நீர்க்கலனின் மாற்றுக் குழாய், புகைக்குழாய்த் துணி ஆகியவை அந்தத் தாளில் தவறாமல் இடம்பெறும். படகின் காப்பீட்டில், கரையில் நிறுத்திவைக்கும் காலம் என்று தேதிகள் குறிப்பிடப்பட்டிருந்தால் அவற்றையும் அங்கேயே எழுதிவிடுவேன். அந்தக் காலத்துக்குள் படகை மீண்டும் இறக்கினால் இழப்பீடு மறுக்கப்படலாம்.

அதன் பிறகு குளிர்காலத்தில் மாதத்துக்கு ஒருமுறை, பெரும்பனியோ புயலோ அடித்த மறுநாள் கண்டிப்பாக, படகைப் போய்ப் பார்ப்பது வழக்கம். தார்ப்பாயில் குழி விழுந்திருந்தால் உள்ளிருந்து துடைப்பத்தால் தட்டிப் பனியை இறக்குவேன். வெளியிலிருந்து மண்வெட்டியால் சுரண்டினால் துணி கிழியும். கயிறுகளை இறுக்கி, தாங்கிகளின் திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று கையால் அசைத்துப் பார்த்து, தளர்ந்திருந்தால் பட்டறைக்காரரை அழைத்துவிடுவேன், நானே தொடமாட்டேன். பேட்டரியின் வோல்ட்டை அளப்பேன். கடைசியாகப் படகின் பின்னால் குனிந்து, வடிகால் துளைக்குள் விரலை விட்டுப் பார்ப்பேன். பனிக்கட்டி அடைத்திருந்தால், உள்ளே எங்கிருந்தோ தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது. அன்று வீடு திரும்புவதற்கு முன் தார்ப்பாயைத் தூக்கி, அது எங்கிருந்து வருகிறது என்று தேடித்தான் ஆக வேண்டும்.